வருதான்னு பாக்கறேனுங்க

என் மகளின் கரடிக்கு ஒரு காது போனது டாக்டரம்மாவால்தான்.

மகளுக்கு அப்போது நாலு வயது. எக்ஸ்போர்ட்டில் கழித்துக்கட்டிய டி-ஷர்ட் ஒன்றைப் போட்டிருந்தாள். நெஞ்சில் ஒரு கரடிப் படம். நான் அதுவரை பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று நின்று கால் வீங்கியவள். பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பிள்ளையை விட்டுவர ஆளில்லாமல் கையோடு கூட்டிக்கொண்டு போயிருந்தேன். டாக்டரம்மா என் படிப்பைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. குனிந்து மகளின் சட்டையைப் பார்த்தார். சுண்டுவிரல் நகத்தால் கரடியின் இடது காதைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"ஏனுங்க, என்னங்க பண்றீங்க?" என்றேன்.

"வருதான்னு பாக்கறேனுங்க."

வந்தது. காது முழுசாகக் கழன்று அவர் நகத்தோடு போனது. மகள் கட்டடம் அதிரும்படி அழுதாள். டாக்டரம்மாவுக்கோ முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தீங்களா? சூடு பத்தல. எவனோ அவசரத்துல அடிச்சிருக்கான்." அந்த மூச்சிலேயே, "திங்கக்கெழமை வந்துருங்க அம்மிணி" என்றார். எனக்கு வேலை கிடைத்த கதை இவ்வளவுதான். மகள் இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. கிளினிக் வாசலில் பித்தளை எழுத்தில் ஒரு பெயர்ப்பலகை இருந்தது. அதில் பாதி எழுத்துகளை அவரே சுரண்டி எடுத்துவிட்டார். அவர் பெயருக்கு அவரே மரியாதை கொடுக்காதபோது எனக்கென்ன வந்தது?

ஒட்டியிருக்கும் எதையும் அவரால் சும்மா விட முடியாது. ஆப்பிள் மேல் ஒட்டிய ஸ்டிக்கர், புது ஃபோனின் கண்ணாடித்தாள், மருந்துப் பாட்டில் லேபிள், தேர்தல் போஸ்டர், எதுவானாலும் சரி. கை தன்பாட்டுக்கு ஓரம் தேடும். ஓரம் கிடைத்தால் இழுக்கும். அவர் கணவர் நூல் வியாபாரி, பாவம், நல்ல மனிதர். ஒரு தடவை கல்யாண ஆல்பத்தைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்து காட்டினார். தாலி கட்டுகிற படத்தில் மாப்பிள்ளை கையில் தாலியோடு நிற்கிறார். மணப்பெண் தலை குனிந்திருக்கிறார். "வெக்கமுன்னு நெனச்சேனுங்க" என்றார் கணவர். உற்றுப் பார்த்தால் மணப்பெண் மணவறைத் தூணின் ஜிகினாவை உரித்துக்கொண்டிருக்கிறார்.

ஒருமுறை பல் டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் அவருக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். மேடையிலிருந்து இறங்கி நாற்காலியில் வந்து உட்காருவதற்குள் அதன் முலாம் ஒரு பக்கம் காணாமல் போயிருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். டாக்டரம்மா அவரிடம் நகத்தை நீட்டிக் காட்டி, "அடில இரும்புங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

இப்படிப்பட்டவர் செய்த வேலை என்னவென்று நினைக்கிறீர்கள்? ஒட்டுகிற வேலை.

குழந்தைகளின் கடைவாய்ப் பல் மேல் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கும். தின்றது அதில் போய் உட்கார்ந்து பல் சொத்தையாகும். சொத்தை வருவதற்கு முன்பே அந்தப் பள்ளங்களை ஒரு பிசினால் அடைத்துவிடலாம். அதற்கு சீலன்ட் என்று பெயர். டாக்டரம்மா அதைப் பூச்சு என்பார். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பூச்சு போடலாம் என்று அவர் சொன்னால் பெற்றவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"விழப்போற பல்லுக்கு எதுக்குங்க டாக்டர் பூச்சு?"

"கிழியப்போற பனியனுக்கு எதுக்குங்க சாயம்?" என்பார் டாக்டரம்மா.

கேட்டவர் சாயப்பட்டறைக்காரராக இருந்தால் அதோடு வாயை மூடிக்கொள்வார். மற்றவர்களை உட்கார வைத்து டாக்டரம்மா பாடமே நடத்துவார். கடைவாய்ப் பால் பல் விழப் பத்துப் பதினோரு வயது ஆகிவிடும். அதுவரை பிள்ளை எதில் மெல்லும்? வலித்தால் ராத்திரி யார் தூங்குவது? பால் பல்லில் பூச்சு நிற்காது என்று அவருக்குப் பாடம் சொன்னவர்களிலேயே சிலர் சொல்வார்களாம். அந்தப் பேச்சை எடுத்தாலே அவருக்கு மூக்குச் சிவந்துவிடும். "பல்லு மேல தப்பில்லைங்க. ஈரம் பட உட்ட கை மேலதான் தப்பு."

ஈரம்தான் அவருக்கு ஜென்மப் பகை. பல்லைத் துடைத்து, அமில ஜெல்லைத் தடவி, கழுவி, காற்றடித்து உலர்த்தினால் பல் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். அந்த வெளுப்பு வந்த பிறகுதான் பிசின். அதற்குள் ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் எல்லாம் முதலிலிருந்து. எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது என் வேலை. அந்த நேரத்தில் அறையில் யாரும் பேசக்கூடாது, தும்மக்கூடாது, பிள்ளையின் அம்மா முந்தானையால் விசிறக்கூடாது. கிளினிக் இருந்தது ஒரு பேக்கரியின் மாடியில். சாயங்காலம் நாலு மணிக்குக் கீழே பப்ஸ் வெந்து வாசனை மேலே ஏறும். நாற்காலியில் படுத்திருக்கும் பிள்ளைக்கு வாயெல்லாம் வெள்ளம் வந்துவிடும். என் குழாய் என்ன செய்யும்? டாக்டரம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி பேக்கரிக்காரரைத் திட்டிப் பார்த்தார். அவர் சிரித்துக்கொண்டே ரெண்டு பப்ஸ் மேலே அனுப்பி வைத்தார். அன்றிலிருந்து மூன்று மணிக்கு மேல் பூச்சு வேலை கிடையாது என்று முடிவு செய்தார். பப்ஸை மட்டும் நாங்கள் சாப்பிட்டோம்.

நீல விளக்கை வைத்துப் பிசினை இறுக்கி முடித்ததும் கடைசிச் சடங்கு ஒன்று உண்டு. வளைந்த ஊசியை எடுப்பார். "சாமி, இப்ப இதைப் புடுங்கப் போறேனுங்க. வந்துச்சுன்னா நான் ஜெயிச்சேன். வரலைன்னா நீங்க ஜெயிச்சீங்க" என்று பிள்ளையிடம் சொல்வார். எல்லா டாக்டரும் ஊசி வைத்துப் பார்ப்பார்கள், மேலோட்டமாக. இவர் பகையாளி வீட்டுக் கதவைப் பெயர்ப்பது போல் நெம்புவார். வராவிட்டால் தோற்றுப்போன முகத்தோடு பிள்ளைக்குக் கை கொடுப்பார். அத்தனை சந்தோஷமாகத் தோற்கிறவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

திருப்பூரில் வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. அங்கே வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ரெண்டு அறைகள் இருந்தன. ஒன்றின் சுவரில் யானை வரைந்திருப்பார்கள், இன்னொன்றில் முயல். வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர்களுக்கு அந்த மாதிரி விஷயங்கள் பிடிக்கும் என்பதால் முதலாளிக்கும் பிடித்தது. அந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் பூச்சு போட்டுவிடலாம் என்று டாக்டரம்மாதான் போய் நின்றார். முதலாளி வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கனிந்த பேச்சு. உடனே சம்மதித்தார். ஃபோட்டோ எடுக்க ஆளையும் ஏற்பாடு செய்தார்.

முகாமன்று காலையில் நாங்கள் கொண்டுபோன சின்ன கம்ப்ரசர் உயிரை விட்டது. பல்லை உலர்த்தக் காற்று வேண்டுமே? முதலாளி கவலையே படவில்லை.

"நம்முளுகிட்ட இல்லாத காத்துங்களா டாக்டரம்மா? கம்பெனி பூராக் காத்துதானுங்க."

உண்மைதான். தைத்து முடித்த துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சையும் நூல்துணுக்கையும் ஊதித் தள்ள மேசைக்கு மேசை காற்றுக்குழாய் உண்டு. கம்ப்ரசர் பார்த்துக்கொள்கிறவர் திருநெல்வேலிக்காரர். ஒரு குழாயை இழுத்து எங்கள் நாற்காலி வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டரம்மா அப்படியே வாங்கிக்கொள்கிற ஆளா? வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து அதன்மேல் காற்றை அடித்தார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. விரலால் தடவினார். முகர்ந்தார். நக்கிப் பார்த்திருப்பார், முதலாளி நின்றதால் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

காலையில் யானை ரூம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முயல் ரூம். முதலாளி தன் பேத்தியையும் மத்தியானம்தான் கூட்டிக்கொண்டு வந்தார். அன்று வெள்ளிக்கிழமை, காலையில் ராகு காலமாம். ஒவ்வொரு பிள்ளையிடமும் டாக்டரம்மா ஊசியால் நெம்பித் தோற்றார். ஒரு பூச்சுகூட வரவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் பாடினார். நன்றாக இருந்தது என்று பொய் சொன்னேன்.

ஆறு மாதம் கழித்து, பூச்சு நிற்கிறதா என்று பார்க்கப் போனோம். முதலில் பேத்தி. முதலாளி பக்கத்தில் நின்று, "என்ற பேத்திதானுங்க, நல்லா குளோசப்பா எடுங்க" என்று ஃபோட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா ஊசியை எடுத்தார். "வருதான்னு பாக்கறேனுங்க."

லேசாகத்தான் வைத்தார். பூச்சு முழுசாகத் தெறித்து முதலாளியின் வெள்ளைச் சட்டையில் போய் விழுந்தது. ஃபோட்டோக்காரர் பழக்கதோஷத்தில் அதையும் எடுத்துவிட்டார்.

முதல்முறையாக டாக்டரம்மாவுக்கு ஒன்று வந்தது பிடிக்கவில்லை. அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். முயல் ரூமில் பாதிப் பிள்ளைகளுக்குப் பூச்சு எப்போதோ போய்விட்டிருந்தது. மிச்சம் ஊசி பட்டதும் வந்தது. யானை ரூமில் எல்லாருக்கும் கல் போல இருந்தது.

"பால் பல்லுல நிக்காதுன்னு சொல்றாங்களேங்க, விடுங்க" என்றார் முதலாளி.

"யானை ரூமுக்கும் பால் பல்லுதானுங்களே?" என்றார் டாக்டரம்மா.

பிறகு சந்தேகப் படலம் ஆரம்பித்தது. முதலில் கேன்டீன் ரசத்தைச் சந்தேகப்பட்டார். வாசனைக்கு எச்சில் ஊறியிருக்குமோ? அடுத்தது நான். என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "மத்தியானம் கை அசந்துருச்சுங்களா அம்மிணி?" என்றார். "செக்கிங்ல நாள் பூரா நின்னவளுங்க நானு. ரசத்தையே மறுபடியும் புடிங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. காற்றுக்குழாயைக் கேட்டு வாங்கிக் கண்ணாடியில் அடித்தார். பளிச். அப்படியே முயல் ரூமில் ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்குப் போகலாம் என்றேன். "மத்தியானம் ஆகட்டுமுங்க" என்றார்.

சாப்பாட்டு மணி அடித்து, எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வந்து, எல்லா மெஷினும் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. அவர் எழுந்து மறுபடியும் கண்ணாடியில் காற்றை அடித்தார். கண்ணாடி மங்கியது. விரலால் தடவினார். வழவழவென்று ஒரு படலம்.

கம்ப்ரசர்காரரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "மத்தியானம் லோடு ஏறும்லா. மிஷின் சூடாவும். கொஞ்சம் எண்ணெயும் தண்ணியும் சேந்து வரத்தாம்மா செய்யும். துணிக்கு ஒண்ணும் பண்ணாது."

"சொல்லீருக்கலாமுங்களே?"

"நீங்க காத்து கேட்டிய, குடுத்தேன். பல்லுக்குள்ள அடிப்பியன்னு நான் கண்டேனா?"

டாக்டரம்மா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "காலைல பாத்தேனுங்க. மத்தியானம் பாக்கல." ஊரில் ஒட்டியிருந்த அத்தனையையும் உரித்துப் பார்த்த மனுஷி, தான் ஒட்டப் பயன்படுத்திய காற்றை ஒரே ஒரு வேளை பார்க்காமல் விட்டுவிட்டார். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய், பிசினைப் பல்லில் கடிக்கவிடாமல் இடையில் உட்கார்ந்துகொண்டது. அன்று ஊசிக்கு வராதது நாள்பட மெதுவாக வந்திருக்கிறது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் கையைச் சந்தேகப்பட்டதையும் மறந்துவிட்டேன். முழுசாக இல்லை.

முதலாளி எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டு மோர் கொடுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டரம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. பேத்திக்கு மட்டும் திருப்பிப் பூசிருங்க. மத்ததெல்லாம் எப்படியும் விழப்போற பல்லு. வெளிய சொன்னீங்கன்னா என்னாகும்? இனி ஒரு தாயும் புள்ளை வாயத் தொறந்து உங்ககிட்டக் காட்டமாட்டா. உங்களுக்காகத்தான் சொல்றேனுங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொன்னதில் நியாயமும் இருந்தது. இத்தனை நாள் பேசிப் பேசி ஒவ்வொரு தாயாகச் சம்மதிக்க வைத்தது டாக்டரம்மாதான். அந்த நம்பிக்கை போனால் முயல் ரூம் பிள்ளைகளுக்கு மறுபடி பூச்சு கிடையாது, பின்னால் வரும் பிள்ளைகளுக்கும் கிடையாது. டாக்டரம்மா மோர் டம்ளரில் ஒட்டியிருந்த விலை ஸ்டிக்கரை நிதானமாக உரித்தார். உரித்ததை முதலாளியின் மேசையில் ஒட்டினார். எழுந்து வெளியே போனார்.

கம்பெனியில் பாட்டுப் போடுவதற்கும் சூப்பர்வைசரைக் கூப்பிடுவதற்கும் ஒரு மைக் இருந்தது. டீ நேரத்தில் பாட்டை நிறுத்திவிட்டு அதைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. முயல் ரூம் கொழந்தைகளுக்கு நான் பூசுனது நிக்கலைங்க. உங்க கொழந்தைக மேலயும் தப்பில்லை, பல்லு மேலயும் தப்பில்லை. காத்துல எண்ணெய் இருந்துச்சு, நான் பாக்காம உட்டுட்டேன். தப்பு என்னுதுங்க. இன்னொருக்கா நம்பிக் கூட்டிட்டு வந்தீங்கன்னா ஞாயித்துக்கெழமை நம்ம கிளினிக்குல சரியாப் பூசித் தாரேன். வராட்டியும் நான் கோவிச்சுக்கமாட்டேனுங்க."

எல்லாரும் டீ கிளாஸோடு அப்படியே நின்றார்கள். பீகார்ப் பெண் ஒருத்தி சூப்பர்வைசரிடம், "க்யா போலா?" என்று, டாக்டரம்மா சொன்னது என்னவென்று இந்தியில் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, "பேபி ஆல்டர்" என்றார். அதற்குள் பாட்டு மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் கிளினிக்கைத் திறந்துவிட்டோம். கீழே பேக்கரிக்காரரிடம் கெஞ்சி அன்று பப்ஸ் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஒன்பது ஆனது. பத்து ஆனது. டாக்டரம்மா கை கழுவும் திரவத்தின் லேபிளை உரித்தார். பிறகு நாற்காலிக் கைப்பிடியின் ரெக்ஸினை. பன்னிரண்டு மணிக்கு உரிக்க ஒன்றும் மிச்சமில்லை.

"அவரு சொன்னது சரிதானுங்களோ அம்மிணி?" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதேயில்லை.  என் பையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை லேபிளோடு அவர் கையில் கொடுத்தேன்.

ஒரு மணிக்கு மேல் மாடிப்படியில் சத்தம். அந்தப் பீகார்ப் பெண் வந்து நின்றாள், இடுப்பில் பிள்ளையோடு. ஷிப்மென்ட் அவசரத்துக்காகக் கம்பெனியில் அன்று அரை நாள் வேலையாம். அது எங்களுக்குத் தெரியாது. பிள்ளையின் வலது கன்னத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அம்பின் முனை கடைவாய்ப் பக்கம் பார்த்தது.

"டாக்டர் மேடம், ஆல்டர்" என்றாள்.

எனக்கு உடனே புரிந்தது. டாக்டரம்மா விழித்தார். செக்கிங்கில் நாங்கள் ஒரு துணியில் தப்பைக் கண்டால் அந்த இடத்தைக் காட்டி அப்படித்தான் அம்பு ஒட்டுவோம். அது தைத்தவரிடமே திரும்பிப் போகும். அவர் பிரித்துத் திருப்பித் தைத்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் ஆல்டர். திருப்பூரில் ஆல்டர் வராத டெய்லர் கிடையாது. வந்ததை மேசைக்கு அடியில் ஒளித்து வைக்கிற டெய்லர் உண்டு. அவரிடம்தான் யாரும் துணி கொடுக்க மாட்டார்கள்.

அவள் பின்னால் படி முழுக்கப் பிள்ளைகள். எல்லார் கன்னத்திலும் அம்பு. சிலருக்கு ரெண்டு கன்னத்திலும். ஒரு பையன் நெற்றியில் கூடுதலாக ஒன்றை ஒட்டிக்கொண்டு வந்திருந்தான். "அங்க ஒண்ணும் ரிப்பேர் இல்லீங்க, அவனா ஒட்டிக்கிட்டான்" என்றாள் அவன் அம்மா.

நான் விளக்கிச் சொன்னதும் டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார். பிறகு சுண்டுவிரல் நகத்தால் முதல் பிள்ளையின் கன்னத்திலிருந்த அம்பை வலிக்காமல் உரித்து எடுத்தார். கண்ணாடியில் காற்றை அடித்துப் பார்த்தார். அடுத்த பிள்ளைக்கும் அடித்துப் பார்த்தார். அன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் அடித்துப் பார்த்தார். விளக்குப் போடும்வரை வேலை நடந்தது. முதலாளியின் பேத்தி மட்டும் வரவில்லை. கோயமுத்தூரில் எங்கேயோ பெரிய ஆஸ்பத்திரியில் பூசிக்கொண்டாளாம். அது நிற்கிறதா என்று யாரிடமாவது கேட்டுச் சொல்லச் சொல்லி டாக்டரம்மா ஒரு வருஷம் என் உயிரை எடுத்தார்.

இப்போது அவர் வேறு ஊரில் பல் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுக்கிறார். அந்த மாணவர்களை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. நான் அதே கிளினிக்கில்தான் இருக்கிறேன், வேறு டாக்டரிடம். இவர் எதையும் உரிப்பதில்லை. பொழுது போகமாட்டேன் என்கிறது.

போன வாரம் அந்தப் பீகார்ப் பெண் வந்தாள். இப்போது நன்றாகத் தமிழ் பேசுகிறாள், எங்கள் ஊர்த் தமிழே. பனியன் துணியில் முடிந்து ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். அன்று அம்பு ஒட்டிக்கொண்டு வந்த மகளுக்குக் கடைவாய்ப் பால் பல் விழுந்துவிட்டதாம். "பெரிய டாக்டரம்மாகிட்டக் காட்டணுமுங்க" என்றாள்.

பல்லை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வேர் கரைந்து, தானாக விழுந்த பல். சொத்தை இல்லை. பள்ளத்தில் பூச்சு அப்படியே இருந்தது. பல் போய்விட்டது, பூச்சு போகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நகத்தை வைத்துச் சுரண்டினேன். அசையவில்லை. உடனே டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"நெசமாவே வரலீங்களா?"

"வரலீங்க."

"எதுல பாத்தீங்க, நகத்துலயா ஊசிலயா?"

"நகத்துலதானுங்க."

"நகமெல்லாம் ஒரு கணக்குங்களா அம்மிணி? கூரியர்ல போட்டுடுங்க. நானே பாக்கறேன்."